யாழ்ப்பாணத்து வகுப்பறையும் மலையகத்துப் பிரட்டுக்களமும்: சுரேஷ் கனகராஜாவின் இரண்டாம் மொழி ஆய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஓர் ஆய்வாளரின் பணி எத்துணைத் தாக்கத்தை ஏற்படுத்தியுள்ளது என்பதைக் கணிப்பதற்குப் பல்கலைக்கழகங்கள் இன்று கையாளும் அளவுகோல்கள் எளிமையானவை. அவருடைய நூல்களை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர், எந்தப் பதிப்பகங்கள் அவற்றை வெளியிட்டன, எத்தகைய பரிசில்கள் கிடைத்தன என்பன கணக்கெடுக்கப்படுகின்றன. இவை பயனற்றவை என்பதற்கில்லை. எனினும், ஓர் ஆய்வின் உண்மையான வலிமை, அது பிறந்த களத்தைக் கடந்து வேறொரு சமூகத்தின் பிரச்சினையை விளக்க வல்லதா என்பதிலேயே தங்கியுள்ளது. விளக்க முடியாதவிடத்து, எங்கே, எதனால் அது தடைப்படுகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதும் விமர்சனத்தின் கடமையாகும்.

இரண்டாம் மொழிக் கற்கை பற்றிய உலக ஆய்வரங்கிலே இன்று தவிர்க்க முடியாத பெயர்களுள் ஒன்று சுரேஷ் கனகராஜாவினுடையது. 1984 தொடக்கம் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் கற்பித்தவர். பின்னர் அமெரிக்காவிலே பேராசிரியராக விளங்கி, அந்நாட்டின் பிரயோக மொழியியற் சங்கத்தின் தலைமையையும், ஆங்கிலங் கற்பித்தற்றுறையின் முதன்மைச் சஞ்சிகைகளுள் ஒன்றின் ஆசிரியப் பொறுப்பையும் வகித்தவர். அவருடைய கோட்பாடுகள் உருவான களம் யாழ்ப்பாணம். அதே தீவில், அதே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மற்றொரு மக்கட் கூட்டம் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் தேயிலைத் தோட்டங்களிலே வாழ்கின்றது. யாழ்ப்பாணத்து வகுப்பறையிலே பிறந்த கோட்பாடு இம்மக்களின் மொழி வாழ்வை எவ்வளவு தூரம் விளக்கும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இவ்வினா வெறும் கல்விசார் வினாவன்று. மலையகத்திலே இரண்டாம் மொழி என்பது பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலைத் துண்டு, நீதிமன்ற அழைப்பாணை, தொழில் விண்ணப்பம் ஆகியவற்றோடு பிணைந்தது. தனக்கு வந்த கடிதத்தைத் தானே வாசிக்க முடியாதவன் பிறிதொருவரின் தயவிலே வாழவேண்டியவனாகின்றான். ஆகவே இரண்டாம் மொழி பற்றிய எந்தக் கோட்பாடும் இம்மண்ணிலே உரைத்துப் பார்க்கப்பட வேண்டியதாகும்.

1

கனகராஜாவின் பங்களிப்பை விளங்கிக்கொள்வதற்கு அவர் எதனோடு வாதிட்டார் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1992 இல் றொபேட் பிலிப்சன் 'மொழி ஏகாதிபத்தியம்' என்ற கருத்துப்பொருளை அதே பெயரிலான தமது நூலினூடாக விரித்துரைத்தார். குடியேற்றவாதம் முடிவுற்ற பின்னரும் ஆங்கிலத்தின் மேலாதிக்கம் எவ்வாறு நிறுவனங்கள், உதவித்திட்டங்கள், ஆசிரியப் பயிற்சி, பாடநூல் ஏற்றுமதி ஆகியவற்றின் வழியாகப் பேணப்படுகின்றது என்பதை அந்நூல் நிறுவியது. ஆங்கிலங் கற்பித்தலை அரசியல் சாராத வெறும் தொழில்நுட்பமாகக் கருதியிருந்தோருக்கு அது பேரதிர்ச்சியாக அமைந்தது.

ஆயின் பிலிப்சனின் நோக்கு மேலிருந்து கீழ்நோக்கியது. இலண்டனிலும் வாஷிங்டனிலும் தீட்டப்படும் திட்டங்களை அவர் நுணுகி ஆராய்ந்தார். அத்திட்டங்கள் வந்திறங்கும் வகுப்பறையிலே மாணவர் என்ன செய்கின்றனர் என்பது அவருடைய ஆய்வில் முதன்மை பெறவில்லை. ஆதிக்கம் செலுத்துவோர் எண்ணியவாறே எல்லாம் நடந்தேறும் என்ற எண்ணத்தை அத்தகைய நோக்கு தோற்றுவித்துவிடக்கூடும். இவ்விடத்திலேதான் கனகராஜா தலையிடுகின்றார். 1999 இல் வெளிவந்த 'ஆங்கிலங் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல்' என்ற அவருடைய நூல், கீழிருந்து மேல்நோக்கிய ஒரு பார்வையை முன்வைத்தது.

அந்நூலின் மையமாக அமைவது, 1990, 1991 காலப்பகுதியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் வகுப்பொன்றிலே அவர் மேற்கொண்ட இனவரைவியல் ஆய்வாகும். மாணவர் 22 பேர். வெளியே போர், மின்சாரமில்லை, தாளுக்கும் தட்டுப்பாடு. கையிலிருந்ததோ அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிக்கும் ஓர் ஆங்கிலப் பாடநூல். அப்பாடநூலின் ஓரங்களிலே மாணவர் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் கனகராஜா ஆய்வுச் சான்றாகக் கொண்டார். சினிமாவும் காதற் கேலியும் அரசியற் சுலோகங்களும் அந்த ஓரங்களை நிறைத்திருந்தன. பாடம் நடுவிலே நடந்தது. வாழ்க்கை ஓரத்திலே எழுதப்பட்டது.

ஒழுங்கின்மை என்று வழமையான ஆசிரியர் கடிந்துவிட்டிருக்கக் கூடிய அக்குறிப்புகளை ஒரு பிரதியாக வாசித்தமையே கனகராஜாவின் முதற் சாதனை. எனினும் அவற்றை அவர் உடனடியாகப் புரட்சியென்று கொண்டாடவில்லை. ஹென்றி ஷிறூ என்ற கல்வியியலாளர் வகுத்த வேறுபாட்டை அவர் பயன்படுத்தினார். கருத்துத் தெளிவின்றி வெளிப்படும் முரண்டு ஒன்று. தன்னிலையுணர்ந்த எதிர்ப்பு மற்றொன்று. அதே மாணவர், பரீட்சையிலே சித்தியடைதற்கு இலக்கணக் குறிப்புகளைக் கேட்டு நின்றனர் என்பதையும், கலந்துரையாடலிலும் பார்க்க மனனஞ் செய்யத்தக்க விதிகளையே விரும்பினர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்நியப் பண்பாட்டை ஓரத்திலே கேலி செய்தவர்கள், அதே மொழி தரும் சான்றிதழை நடுவிலே வேண்டினர். இம்முரண்பாட்டை மூடி மறைக்காது எடுத்துரைத்தமையே அந்நூலுக்கு நம்பகத்தன்மையை அளிக்கின்றது.

யாழ்ப்பாண வகுப்பறைகளிலே ஆசிரியர் தமிழும் ஆங்கிலமும் விரவிப் பேசுவதைப் பற்றி 1995 இல் அவர் வெளியிட்ட கட்டுரையும் இங்குக் கருதத்தக்கது. இரண்டாம் மொழி வகுப்பிலே தாய்மொழி நுழைதல் ஆகாது என்பது அக்காலத்து ஆசிரியப் பயிற்சியிற் பெரிதும் வேரூன்றியிருந்த நம்பிக்கை. ஆங்கிலத்திலே பாடமும், தமிழிலே ஆறுதலும் விளக்கமும் ஊக்கமும் என்று ஆசிரியரும் மாணவரும் தாமறியாமலே வகுத்துக்கொண்ட ஒழுங்கு, இருமொழி வாழ்வுக்கான ஒரு பயிற்சியே என்று அவர் காட்டினார். குற்றவுணர்வோடு தமிழ் பேசிவந்த ஆங்கில ஆசிரியருக்கு இவ்வாய்வு பெருந்துணையாயிற்று.

2

கனகராஜாவின் இரண்டாவது பெரும் பங்களிப்பு 2002 இல் வெளிவந்த 'கல்விசார் எழுத்தின் புவிசார் அரசியல்' என்ற நூல். அறிவு எங்கே உற்பத்தியாகின்றது, யார் அதனை ஏற்று அங்கீகரிக்கின்றனர் என்ற வினாவை அந்நூல் எழுப்புகின்றது. மேலைத்தேயச் சஞ்சிகைகள் வேண்டும் பிரதிகளின் எண்ணிக்கை, தாளின் தரம், அண்மைக்கால நூல்களின் மேற்கோள், காலக்கெடு முதலியன அறிவோடு நேரடித் தொடர்பற்றவை; ஆயினும் அவையே ஓர் ஆய்வாளரின் குரல் கேட்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. போர்க்கால யாழ்ப்பாணத்திலே தபால் தடைப்பட்டு, மண்ணெண்ணெய் விளக்கில் எழுதியவருக்கு அவை தாண்டவொண்ணா மதில்களாயின. வறுமை ஆய்வாளரின் மூளையில் இல்லை, அவருடைய மேசையிலேதான் உள்ளது என்பதை அந்நூல் ஐயத்துக்கிடமின்றி உணர்த்தியது.

பின்னர் 2013 இல் வெளிவந்த 'மொழிகடந்த வழக்கு' பற்றிய நூலிலே அவர் மேலும் ஒரு படி முன்னேறினார். மொழிகள் தனித்தனிப் பெட்டிகளாக மனிதரிடத்தே உள்ளன என்ற கருத்தையே அது கேள்விக்குள்ளாக்கியது. மக்கள் தம்மிடமுள்ள எல்லா மொழி வளங்களையும் தேவைக்கேற்பக் கலந்து கையாண்டு பொருளுணர்த்துகின்றனர் என்பதும், தென்னாசியா போன்ற பிரதேசங்களிலே இது புதுமையன்று, நெடுங்கால வழக்கு என்பதும் அந்நூலின் சாரம்.

இம்மூன்று நூல்களும் சேர்ந்து ஏற்படுத்திய விளைவைச் சுருக்கமாகக் கூறுவதாயின், இரண்டாம் மொழி கற்பவர் குறையுடையவர் என்ற எண்ணம் தகர்க்கப்பட்டது எனலாம். தாய்மொழி பேசுவோரை நோக்கி ஏறிக்கொண்டே இருந்து என்றும் உச்சியை அடையாதவராகக் கருதப்பட்ட மாணவர், தமக்குரிய நோக்கங்களோடு மொழியைக் கையாளும் ஒருவராகக் கணிக்கப்படலானார். இத்தகைய மாற்றத்துக்கான சான்றுகளுட் சில யாழ்ப்பாணத்திலே ஒரு பாடநூலின் ஓரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பது தமிழுலகம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

3

இனி மலையகத்தை நோக்குவோம். இங்கு இரண்டாம் மொழிக் கற்கையின் வரலாறு யாழ்ப்பாணத்து வரலாற்றுக்கு நேர்மாறான ஓரிடத்திலிருந்து தொடங்குகின்றது.

யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனும் ஏனைய மிஷன்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பாடசாலைகளை நிறுவி ஆங்கிலம் கற்பித்தன. அங்கு ஆங்கிலம் தமிழரை நோக்கி வந்தது; வேண்டாதாரையும் தேடி வந்தது. மலைநாட்டிலோ முதலில் இரண்டாம் மொழி கற்க நேர்ந்தவர் தொழிலாளியல்லர், துரையே. கோப்பிக் காலத்திலும், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து விரிவடைந்த தேயிலைக் காலத்திலும், இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொத்லாந்திலிருந்தும் வந்த இளந்துரைமார் தோட்டத்துத் தமிழைப் பயில வேண்டியவராயினர். அவர்களுக்கெனக் கொழும்பிலே கைந்நூல்கள் அச்சிடப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும்.

ஒரு மொழியைக் கற்கப் புகுவோனுக்கு அம்மொழியிலிருந்து முதலில் எடுத்துக் கொடுக்கப்படும் சொற்றொடர் யாது என்பது, அக்கல்வியின் நோக்கத்தைக் காட்டிவிடும். 'இங்கே வா' என்பது ஒருமை ஏவல். மரியாதைப் பன்மைக்கோ வேண்டுகோளுக்கோ வினாவுக்கோ அங்கே முதலிடமில்லை. தமிழ்மொழியின் வளமான வினைத்திரிபு முழுவதிலுமிருந்து ஏவல் வினையொன்றே ஒரு நூலின் முகப்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. கற்றவன் பேசவும் மற்றவன் பணியவும் அமைந்த மொழிக் கல்வி அது. ஆதிக்கத்தின் மொழியை அடக்கப்பட்டோர் கற்பது பற்றியே இரண்டாம் மொழிக் கோட்பாடுகள் பெரிதும் பேசுகின்றன. அடக்கப்பட்டோரின் மொழியை ஆதிக்கம் கற்றுக்கொள்ளும்போது நிகழ்வது யாது என்ற வினாவை மலையகம் எழுப்புகின்றது.

துரை தமிழ் கற்றான் என்பதன் மறுபக்கம், தொழிலாளி ஆங்கிலம் கற்க வேண்டியதில்லை என்பதாகும். அதிகாலையிலே தப்புச் சத்தம் கேட்டுப் பிரட்டுக்களத்திற் கூடும் தொழிலாளிக்கு வேலை பகிரப்படுவது தமிழிலேயே. கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர் என்ற படிவரிசை ஆங்கிலத்துக்கும் தமிழுக்குமிடையே மதிலாக நின்றது. மேலே செல்லச் செல்ல ஆங்கிலம் கூடியது. கீழே வர வரக் குறைந்து அற்றுப்போயிற்று. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்டவை. ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டவை. 1945 இல் நாட்டிலே நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் அவற்றை உரிய முறையிலே எட்டவில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுகளிலே உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை புறம்பாகவே விடப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாகவே அவை அரச பாடசாலைகளாயின.

இங்கேதான் கனகராஜாவின் கோட்பாடு முதன்முதலாகத் தடைப்படுகின்றது. எதிர்த்தல் என்பதற்கு எதிர்க்கப்படும் பொருள் முன்னே இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து மாணவரிடம் பாடநூல் இருந்தது. ஆகவே ஓரமும் இருந்தது. தோட்டத்துச் சிறுவனுக்கோ நெடுங்காலமாக அந்நூலே கிட்டவில்லை. திணிக்கப்படும் மொழி ஒருவகை ஏகாதிபத்தியமாயின், மறுக்கப்படும் மொழியும் ஒருவகை ஏகாதிபத்தியமே. மலையகத்திலே ஆங்கிலத்தின் ஆதிக்கம், அதனைக் கற்பித்ததாலன்றிக் கற்பிக்காது விட்டதாலேயே நிலைநாட்டப்பட்டது. திணிப்பை அளந்தறிய உருவான கருவி மறுப்பை அளந்தறியப் போதாது.

இம்மறுப்பின் விலை யாது என்பதற்கு வரலாறே சான்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 இல் நிறைவேறிய இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், ஏறக்குறைய 134,000 பேரே பிரஜாவுரிமை பெற்றனர். அரசியல் நோக்கமே இதன் முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், அரச கருமங்கள் ஆங்கிலத்திலே நடைபெற்ற அக்காலத்திலே, படிவமும் சாட்சியமும் பதிவேடுமாக ஒரு மனிதனின் நாடு தீர்மானிக்கப்பட்டபோது, அப்படிவத்தின் மொழியை அறியாதிருந்தமை எத்தகைய பலவீனம் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

4

கோட்பாட்டின் இரண்டாவது தடை சிங்களம். கனகராஜாவின் ஆய்வுகளிலே மையம், விளிம்பு என்ற சொற்கள் அடிக்கடி வருவன. மேற்குலகம் மையம், இலங்கை போன்ற நாடுகள் விளிம்பு. ஆங்கிலம் மையத்தின் மொழி. யாழ்ப்பாணத்துக்கு இப்பாகுபாடு பெரிதும் பொருந்தும். அங்கு அன்றாட வாழ்வு தமிழிலேயே நடைபெற, ஆங்கிலமே கற்றோரின் எதிரே நின்ற இரண்டாம் மொழியாக இருந்தது.

ஹற்றன் கடைவீதியிலே நிலைமை வேறு. நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழராயினும், 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின்னர் அலுவலகங்களின் மொழி சிங்களமாயிற்று. 1987 இல் 13 ஆவது திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. 1999 இல் மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சட்டத்தின் வாக்கியம் மாறியது. கருமபீடத்துக்கு அப்பால் இருப்பவரின் நாவு அவ்வளவு விரைவில் மாறவில்லை. ஆகவே தோட்டத்து மக்கள் சிங்களத்தைப் பாடநூலின்றி, பஸ்ஸிலும் சந்தையிலும் அயற் கிராமத்திலும் காதாற் கற்றனர். பேசுவர், எழுதப் படிக்க அறியார். விண்ணப்பமோ எழுத்திலே கேட்கப்படுவது.

இங்கு மையம் ஒன்றன்று. ஆங்கிலம் ஒரு மையம். சிங்களம் அதனினும் அண்மையிலுள்ள மற்றொரு மையம். பாடநூலின் எழுத்துத் தமிழும் தோட்டத்துப் பிள்ளைக்கு ஓரளவு அந்நியமானதே. வீட்டிலே அது பேசும் தமிழ், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்து மலைச்சரிவுகளிலே உருமாறிய தமிழ். நூலிலே காண்பதோ தன் வீட்டாரும் அயலாரும் பேசாத தமிழ். ஆகவே முதல் வகுப்பிலே நுழையும் அப்பிள்ளை ஒரே வேளையிலே மூன்று படிகளை ஏறவேண்டியுள்ளது. விளிம்புக்குள்ளும் விளிம்புண்டு என்பதை மலையகம் உணர்த்துகின்றது. தமிழ், சிங்கள ஒப்பீட்டு இலக்கணம் பற்றி எம். ஏ. நுஃமான் போன்ற மொழியியலாளர் ஆற்றிய பணி இவ்விடத்திலே பெரிதும் பயன்படத்தக்கது. கனகராஜாவின் வகுப்பறை நோக்கோடு அது இணைக்கப்படுமாயின் மலையகத்துக்கு ஏற்ற ஓர் ஆய்வு முறை கிட்டும்.

1999 ஆம் ஆண்டிலேயே அஞ்சலா லிற்றிலின் பெருந்தோட்டக் கல்வி பற்றிய நூலும் வெளிவந்தமை குறிப்பிடத்தக்கது. தோட்டம், மக்கள், கல்வி ஆகியவற்றின் அரசியற் பொருளாதாரத்தை ஆராய்வது அந்நூல். கனகராஜாவின் நூலிலே வகுப்பறையின் மொழி உண்டு, தோட்டமில்லை. லிற்றிலின் நூலிலே தோட்டம் உண்டு. ஒரு வாக்கியம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ மாறும் கணத்தைப் பற்றிய ஆய்வு அதன் முதன்மை நோக்கமன்று. ஒரே ஆண்டிலே வெளிவந்த இவ்விரு நூல்களும் சந்திக்க வேண்டிய இடம் ஹற்றனிலோ கொட்டகலையிலோ உள்ள ஒரு வகுப்பறையேயாகும்.

5

இத்தடைகளைச் சுட்டியதனால் கனகராஜாவின் கோட்பாடு மலையகத்துக்குப் பயனற்றது என்று கொள்ளுதல் தவறாகும். அவருடைய பிற்காலக் கருத்துக்களே, அவருடைய முற்காலக் கருத்துக்களினும் இம்மண்ணுக்கு அணுக்கமானவை.

பாடநூல் மறுக்கப்பட்ட மக்கள் மொழி வளம் அற்றோராக இருந்துவிடவில்லை. 'லயம்' என்ற சொல் ஆங்கிலத்து 'லைன்' என்பதிலிருந்து வந்தது. 'பிரட்டு' என்பதும் ஆங்கிலத்து 'பரேட்' திரிந்தமைந்த சொல்லே. துரைமாரின் ஆணையோடு வந்த சொற்களைத் தொழிலாளர் தம் நாவுக்கேற்பத் திரித்து, தமிழ் வேற்றுமையுருபு சேர்த்து, தமக்குரியனவாக்கிக் கொண்டனர். சிங்களச் சொற்களும் அவ்வாறே அவர்தம் பேச்சிற் கலந்தன. யாழ்ப்பாண மாணவர் அச்சிட்ட தாளின் ஓரத்திலே செய்ததை, இவர்கள் பேச்சின் ஓரத்திலே செய்தனர் எனலாம். பிழைத்தமிழ் என்று எள்ளப்பட்ட ஒன்றை ஆக்கத்திறனாகக் காணும் கண்ணை 'மொழிகடந்த வழக்கு' நமக்குத் தருகின்றது.

ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சொற்களைக் கலந்து பேசும் திறமையை அறிஞர் பாராட்டலாம். பிரதேச செயலகத்துக் கருமபீடம் அதனைப் பாராட்டுவதில்லை. 'பிரட்டு' என்ற சொல்லைப் படைத்த சமூகத்துக்கு அச்சொல்லினால் ஒரு பேர்ச் காணியேனும் கிடைத்ததில்லை. மொழிகடந்த வழக்கைக் கொண்டாடுவோர், நியம மொழியை ஏற்கெனவே கைவரப் பெற்றவராயின், அக்கொண்டாட்டம் பசித்தவன் முன்னே விருந்தைப் பற்றிப் பேசுவதாய் முடியும். இருக்கும் வழக்கை இழிவுபடுத்தாது, மறுக்கப்பட்ட நியம மொழியையும் பெற்றுக் கொடுத்தலே மலையகத்துக்கு ஏற்ற கற்பித்தலியலாகும். இவ்விரண்டுள் எதனை விடினும் அது அநீதியாகும்.

இதற்கு முன்னுதாரணம் இம்மண்ணிலேயே உண்டு. மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984), 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர், தொழிற்சங்கவாதி. அவர் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்திலே கவிதையாக்கினார். சக்தீ பாலையாவின் தமிழாக்கத்தினால் அது மீண்டும் தமிழை வந்தடைந்தது. அவரே தமிழிலே நாவல்களும் எழுதினார். தோட்டத்து நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். துரையின் மொழியிலே துரையின் தோட்டத்தைப் பற்றிக் கொழுந்தெடுப்பவளின் பக்கம் நின்று எழுதிய அச்செயல், மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல் என்ற கோட்பாடு நூலாவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது. ஆங்கிலத்தை மறுத்தன்று, அதனைக் கைப்பற்றியே அவர் எதிர்த்தார். அவ்வாறு கைப்பற்றுவதற்கான வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற வினாவே எஞ்சி நிற்பது.

6

கனகராஜாவின் பணியிலே உள்ளார்ந்த ஒரு முரண்பாட்டையும் குறிப்பிடாது விடுதல் இயலாது. அறிவு மையத்திலே மட்டும் உற்பத்தியாதல் தகாது என்று வாதிடும் நூல்கள், மையத்தின் பதிப்பகங்களாலே, மையத்தின் மொழியிலே வெளியிடப்பட்டவை. பொகவந்தலாவையிலே ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், தம்மைப் போன்றோருக்காக எழுதப்பட்ட அந்நூலைப் படிப்பதற்கு முன்னர், உயர்நிலை ஆங்கிலத்தின் கடினமான கல்விசார் நடையைக் கைவரப் பெற்றிருத்தல் வேண்டும். அதன் விலையோ அவருடைய மாதச் சம்பளத்திற் கணிசமான பங்கை விழுங்கும். இம்முரண்பாட்டை அவர் அறியாதவரல்லர். 'புவிசார் அரசியல்' நூலிலே அவரே இதனை எழுப்பி, மையத்தின் அரங்கிலே நின்று அதன் விதிகளை மாற்ற முனைவதும் ஒருவகைப் போராட்டமே என்று விடை கூறுகின்றார். அவ்விடை நேர்மையானது, முழுமையானதன்று. அவர் மாற்ற முனைந்தது மையத்தின் கதவை. விளிம்பிலே ஒரு மேசையை இட்டுத் தமிழிலே அதே வாதத்தை நிகழ்த்துவது தமிழியலாளருக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் உரிய கடமை. அது நிறைவேறாமைக்கு அவர் ஒருவரையே குறை கூறுதல் முறையன்று.

மேலும், 2005 இல் அவர் பதிப்பித்த நூலொன்று மொழிக் கொள்கையிலும் நடைமுறையிலும் 'உள்ளூரை' மீட்டெடுத்தல் பற்றியது. உள்ளூர் அறிவை உள்ளூராரே உருவாக்குதல் வேண்டும் என்ற அந்நூலின் நிலைப்பாட்டை அவருக்கே பிரயோகித்துப் பார்ப்போமாயின், யாழ்ப்பாணத்துக்கு உருவான கோட்பாட்டை மலையகத்திலே அப்படியே பொருத்துதல் அவருடைய கொள்கைக்கே மாறானதாகும். ஒரு கோட்பாடு தன்னைத் திருத்திக்கொள்வதற்கான நியாயத்தையும் தன்னுள்ளே கொண்டிருக்குமாயின் அது உயிருள்ள கோட்பாடு. கனகராஜாவின் ஆய்வு அத்தகையது.

ஆகவே அவருடைய ஆய்வின் தாக்கத்தை மேற்கோள்களின் தொகையைக் கொண்டு மட்டும் அளவிடுதல் போதாது. அவரிடமிருந்து கற்க வேண்டியது முடிபுகளைக் காட்டிலும் முறையையே. ஓரத்திலே எழுதப்பட்டதை வாசி. மாணவரின் முரண்பாட்டை மறைக்காதே. கற்பவருக்கு எது இல்லை என்பதற்கு முன்னர் எது உண்டு என்று பார். இம்முறையைக் கைக்கொண்டு ஹற்றன், நுவரெலியா வகுப்பறைகளிலே அமர்ந்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளும் ஒரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பியிலே எவ்வாறு சந்திக்கின்றன என்பதை ஆராயும் பணி காத்திருக்கின்றது. அப்பணிக்குத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோரே மிகத் தகுதியானவர். 'இங்கே வா' என்ற ஏவலின் மறுமுனையிலே நின்ற தலைமுறைகளின் நினைவு அவரிடமே உள்ளது.

துரை தமிழ் கற்றது வேலை வாங்குவதற்காக. தொழிலாளியின் பிள்ளை சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்பது வேலை பெறுவதற்காக மட்டுமன்று; தன் பெயரில் வரும் கடிதத்தைத் தானே வாசித்து, தன் வழக்கைத் தானே எடுத்துரைத்து, தனக்கு எதிராக எழுதப்பட்டதைத் தானே மறுத்தெழுதுவதற்காகவுமாகும். அதனை இயலச் செய்யும் நாளிலேயே இரண்டாம் மொழி பற்றிய ஆய்வு மலைநாட்டிலே தன் தாக்கத்தை ஏற்படுத்தியதாகக் கொள்ள முடியும்.